மூத்த நட்சத்திரமா, டிராஃப்ட் பிக்குகளா? தோற்கும் அணி எதைத் தேர்ந்தெடுப்பது

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் தொடர்ந்து தோற்கும் அணியிடம் முப்பதை நெருங்கிய, அல்லது தாண்டிய நட்சத்திரம் ஒருவர் இருந்தால், மூன்று வழிகள் உண்டு. இப்போதே அவரைக் கொடுத்து டிராஃப்ட் பிக்குகளை வாங்கலாம். (டிராஃப்ட் என்பது ஆண்டுதோறும் புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது; பிக் என்பது அந்த முறை. அதிகம் தோற்ற அணிக்குப் பொதுவாக முன்னால் இடம் கிடைக்கும்.) அவரை வைத்துக்கொண்டு சுற்றிலும் ஆள் சேர்க்கலாம். இல்லையென்றால் "இன்னும் ஒரு சீசன் பார்ப்போம்" என்று தள்ளிப்போடலாம். முதலிரண்டும் சில அணிகளுக்குப் பலித்திருக்கின்றன. தள்ளிப்போட்டவர்கள்தான் பெரும்பாலும் வெறுங்கையோடு நின்றார்கள். சார்லட் அணி கெம்பா வாக்கரை ஒப்பந்தம் முடியும்வரை வைத்திருந்தது. 2019-இல் அவர் பாஸ்டனுக்குப் போனபோது டெரி ரோசியர் வந்தார்; முதல் சுற்று பிக் ஒன்றுகூட வரவில்லை.

பிக்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்குச் சம்பளக் கணக்கே பதில். 2025-26 சீசனில் ஓர் அணியின் சம்பள வரம்பு சுமார் 15.46 கோடி டாலர். பத்து ஆண்டு அனுபவமுள்ள நட்சத்திரம் அதில் 35 சதவீதம், அதாவது சுமார் 5.4 கோடி வரை வாங்கலாம். அதே சீசனில், டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட கூப்பர் ஃபிளாக்கின் சம்பளம் 1.4 கோடியைக்கூட எட்டவில்லை. முதல் சுற்று வீரரின் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. கடைசி இரண்டு ஆண்டுகளை நீட்டிப்பதா என்பது அணியின் விருப்பம். அது முடிந்த பிறகும், வேறு அணி தரும் ஒப்பந்தத்தை ஈடுசெய்து அவரை நிறுத்திக்கொள்ளும் உரிமையை அணி வைத்துக்கொள்ளலாம்.

ஒரே கோடையில் இரண்டு விற்பனை

2023 கோடையில் வாஷிங்டன் பிராட்லி பீலையும், போர்ட்லேண்ட் டேமியன் லில்லார்டையும் கொடுத்தன. இருவரும் கார்டு நிலையில் ஆடுபவர்கள், இருவருக்கும் பல ஆண்டு பெரிய ஒப்பந்தம். பீலுக்கு முப்பது முடியவில்லை, லில்லார்டுக்கு 33. வயதை மட்டும் பார்த்தால் பீலுக்குத்தான் கூடுதல் விலை கிடைத்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்.

பீலுக்காக வாஷிங்டனுக்கு வந்தவை கிறிஸ் பால், லேண்ட்ரி ஷாமெட், நான்கு ஸ்வாப்கள் (இரு அணிகளின் பிக்குகளில் மேலானதை எடுத்துக்கொள்ளும் உரிமை), சில இரண்டாம் சுற்று பிக்குகள். நேரடியான முதல் சுற்று பிக் எதுவும் இல்லை. காரணம் ஓராண்டுக்கு முன் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது: ஐந்து ஆண்டுக்கு சுமார் 25.1 கோடி டாலர், கூடவே டிரேடுக்கு, அதாவது வேறு அணிக்கு மாற்றுவதற்கு, வீரரின் சம்மதம் வேண்டும் என்ற விதி. எங்கே போவது என்பதை வீரரே முடிவு செய்யும்போது ஏலம் நடக்காது. அவர் போன ஃபீனிக்ஸோ, நான்கு மாதம் முன்புதான் கெவின் டுரண்டுக்காகத் தன் 2023, 2025, 2027, 2029 முதல் சுற்று பிக்குகளை புரூக்ளினுக்குக் கொடுத்திருந்தது.

ஸ்டெபியன் விதி இங்கேதான் குறுக்கே வருகிறது. இனி வரும் அடுத்தடுத்த இரண்டு டிராஃப்ட்டுகளில் முதல் சுற்று பிக்கே இல்லாத நிலைக்கு ஓர் அணி போகக் கூடாது. ஏழு ஆண்டுக்கு அப்பாலுள்ள பிக்கையும் கொடுக்கக் கூடாது. ஆகவே ஓர் அணி தன் சொந்த பிக்குகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் கொடுக்க முடியும். இடைப்பட்ட ஆண்டுகளுக்கு ஸ்வாப் தரலாம். ஃபீனிக்ஸிடம் மீதமிருந்தவை இரட்டைப்படை ஆண்டுகளின் ஸ்வாப்கள்தான். வாஷிங்டனுக்கு அவைதான் கிடைத்தன. நட்சத்திரத்தை வாங்கும் அணியைவிட நீங்கள் தரவரிசையில் மேலே இருந்தால்தான் ஸ்வாப்புக்குப் பலன். வாஷிங்டன் அடிமட்டத்தில் இருந்தது.

லில்லார்டு மயாமிக்குத்தான் போக விரும்பினார், அது ஊரறிந்த செய்தி. ஆனால் அவர் ஒப்பந்தத்தில் பீலுக்கு இருந்த சம்மத விதி இல்லை. போர்ட்லேண்ட் ஜூலை முதல் செப்டம்பர் இறுதிவரை பொறுத்திருந்து, மில்வாக்கியையும் ஃபீனிக்ஸையும் சேர்த்து மும்முனை டிரேடு செய்தது. ஜ்ரூ ஹாலிடே, டியாண்ட்ரே ஏய்டன், டூமானி கமாரா, மில்வாக்கியின் 2029 முதல் சுற்று பிக், 2028, 2030 ஸ்வாப்கள் வந்தன. சில நாட்களில் ஹாலிடேயை பாஸ்டனுக்கு அனுப்பி மேலும் இரண்டு முதல் சுற்று பிக்குகளையும், மால்கம் பிராக்டன், ராபர்ட் வில்லியம்ஸ் இருவரையும் பெற்றார்கள். கமாரா 2024-25-இல் தற்காப்பு ஆட்டத்துக்கான இரண்டாம் அணியில் இடம்பிடித்தார்.

அந்த 2029 பிக்கைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் லில்லார்டுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. மில்வாக்கி அவரை விடுவித்து, மீதமிருந்த சுமார் 11.3 கோடி டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பிப் போட்டது. அவர் போர்ட்லேண்டுக்கே திரும்பினார். அந்தச் சுமையைத் தாங்கும் அணியின் பிக் உயர்ந்த இடத்தில் விழும் வாய்ப்பு இப்போது கூடியிருக்கிறது. பிக்கில் பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, அது யாருடையது, எந்த ஆண்டுடையது என்பதை. 2013-இல் பாஸ்டன் 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் புரூக்ளினுக்குக் கொடுத்தபோது 2014, 2016, 2018 பிக்குகளையும் 2017 ஸ்வாப்பையும் வாங்கியது. முதலில் வந்த 2014 பிக் 17-ஆவது இடத்தில் விழுந்தது. புரூக்ளின் சரிந்த பிறகு வந்த 2016 பிக் ஜேலன் பிரவுன் ஆனது. 2017 ஸ்வாப் வழியாக ஜேசன் டேட்டம் வந்தார். 2024 கோப்பையை வென்ற அணியின் தூண்கள் அவர்கள்.

யூட்டாவின் கணக்கு எங்கே இடறியது

2022-இல் யூட்டா வாங்கிய விலை கண்ணைப் பறிப்பது. ரூடி கோபேருக்கு மினசோட்டாவிடமிருந்து நான்கு முதல் சுற்று பிக், ஒரு ஸ்வாப், பல வீரர்கள். டோனவன் மிட்செலுக்கு கிளீவ்லேண்டிடமிருந்து மூன்று பிக், இரண்டு ஸ்வாப், லாரி மார்க்கனன் உள்ளிட்ட மூவர். ஆனால் மார்க்கனன் அந்த ஆண்டே ஆல்-ஸ்டார் ஆகிவிட்டார். அணி 37-45 (37 வெற்றி, 45 தோல்வி) என்று நடுவில் நின்றது, அடுத்த ஆண்டு 31-51. சொந்த பிக்குகள் 9, 10 இடங்களில் விழுந்தன. மினசோட்டாவோ கோபேரோடு 2024, 2025 இரண்டு ஆண்டும் மேற்குப் பிரிவு இறுதிவரை போனது. வாங்கியவர் நன்றாக ஆடினால் அவருடைய பிக் கடைசிப் பக்கம்தான் விழும்.

கடைசியில் 2024-25-இல் யூட்டா 17-65 என்று லீகிலேயே கடைசி இடம் பிடித்தது. முதல் சில பிக்குகள் யாருக்கு என்று குலுக்கலில் தீர்மானிப்பார்கள்; 2019-இல் மாற்றிய அந்த லாட்டரி முறையில் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக்குக்கான வாய்ப்பு தலா 14 சதவீதம்தான், முன்பு கடைசி அணிக்கு 25 இருந்தது. கடைசி அணி ஐந்தாவது இடத்துக்கு இறங்கும் வாய்ப்பு 47.9 சதவீதம். யூட்டாவுக்கு அதுதான் நடந்தது, 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸ் முதல் பிக்கை எடுத்தது. ஆகவே "நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கடைசிக்கு இறங்கினால் முதல் பிக் நமக்குத்தான்" என்று திட்டம் போடுவது தப்பு.

ஓக்லஹோமா 2019-இல் பால் ஜார்ஜைக் கொடுத்தபோது ஐந்து முதல் சுற்று பிக்கும் இரண்டு ஸ்வாப்பும் பெற்றதைப் பலரும் சொல்வார்கள். அந்த டிரேடில் வந்த பெரும் சொத்து பிக் அல்ல. அப்போது ஒரே ஒரு சீசன் ஆடியிருந்த ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர். பிக்குகளில் ஒன்று 2022-இல் 12-ஆவது இடத்தில் ஜேலன் வில்லியம்ஸாக மாறியது. 22-50, 24-58 என்று இரண்டு சீசன் பொறுத்த அணி 2025-இல் கோப்பையை வென்றது. விற்பவர் முதலில் கேட்க வேண்டியது எதிரணியில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் 20, 21 வயதுப் பையனை. பிக்குகள் அதற்குப் பிறகு.

வைத்திருப்பது சரியாகும் இடமும் உண்டு, அதற்கும் ஓக்லஹோமாவே சாட்சி. அதே 2019-இல் தன் நட்சத்திரம் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்குக்குப் பதிலாக வந்த கிறிஸ் பாலின் சம்பளத்தைப் பார்த்துப் பிற அணிகள் மிரண்டன. அவசரப்படாமல் ஒரு சீசன் ஆடவிட்டார்கள். அணி 44-28, அவர் ஆல்-ஸ்டார். 2020 நவம்பரில் ஃபீனிக்ஸிடமிருந்து ஒரு முதல் சுற்று பிக்கும் வீரர்களும் கிடைத்தனர். விலை தற்காலிகமாக விழுந்திருக்கும் வீரருக்கு மட்டுமே இந்தப் பொறுமை பலன் தரும்; வயதால் விழும் விலை திரும்ப ஏறாது.

காகிதத்தில் கவனிக்க வேண்டியவை

"முதல் சுற்று பிக்" என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. 2022-இல் டிஜான்டே மர்ரேவைக் கொடுத்த சான் அன்டோனியோவுக்கு வந்த பிக்குகளில் சார்லட்டுடையது ஒன்று. சார்லட் பிளேஆஃபுக்குப் போனால்தான் அது கைமாறும் என்ற வகையில் பாதுகாப்பு நிபந்தனை இருந்தது. சார்லட் 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் போகவில்லை. அது இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளாகச் சுருங்கியது. அதே டிரேடில் நிபந்தனையின்றி வந்த அட்லாண்டாவின் 2025 பிக் 14-ஆவது இடத்தில் விழுந்தது. நிபந்தனையுள்ள இரண்டைவிட நிபந்தனையற்ற ஒன்று மேல்.

வாங்குபவரின் சம்பளப் பட்டியலையும் முன்கூட்டியே பாருங்கள். 2023 தொழிலாளர் உடன்படிக்கையின்படி இரண்டாம் ஏப்ரன் எனும் மேல்மட்டச் சம்பள எல்லையைத் தாண்டிய அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவருக்கு ஈடாகக் கொடுக்க முடியாது. 5 கோடி வாங்கும் நட்சத்திரத்துக்கு அங்கே அநேகமாக வழியே இல்லை. நாட்காட்டியும் முக்கியம்: மார்க்கனன் 2024 ஆகஸ்ட் 7-இல் ஒப்பந்த நீட்டிப்பில் கையெழுத்திட்டார். அதனால் அவரை டிரேடு செய்ய வந்த ஆறு மாதத் தடை, பிப்ரவரி 6-இல் முடிந்த டிரேடு கெடுவை ஒரு நாளில் தாண்டியதால், அந்த சீசன் முழுக்க அவரை யாருக்கும் கொடுக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் சொந்த பிக்குகள் உங்களிடம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நட்சத்திரத்தைக் கொடுத்துத் தோற்கும் ஒவ்வொரு ஆட்டமும் வேறொருவருக்குத்தான் லாபம். 2016-இல் 21-61 என்று தோற்ற புரூக்ளின் அதை அனுபவித்தது. 2024 ஜூனில் அதே அணி மிகல் பிரிட்ஜஸை நியூயார்க்குக்கு ஐந்து முதல் சுற்று பிக்குகளுக்குக் கொடுக்க முடிவு செய்தபோது, கூடவே ஹூஸ்டனோடும் பேசி, தன் 2025 ஸ்வாப் உரிமையையும் 2026 பிக்கையும் ஃபீனிக்ஸ் பிக்குகள் சிலவற்றைக் கொடுத்துத் திரும்ப வாங்கியது.