புதுப் பெட்டி வாசலுக்கு வரும்வரை பழைய மேடையை இடிக்க விடாதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் மாடுலர் கிச்சன் (பட்டறையில் பெட்டி பெட்டியாகச் செய்து வந்து மாட்டும் அடுப்படி) போட நினைப்பவர்களுக்காகவும், அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஆள் வரக் காத்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எங்கள் அடுப்படியை ஆவணியில் இடித்தார்கள். தை பிறந்து பொங்கல் வைத்த அன்றைக்கும் வீட்டுக்குள் பாத்திரம் கழுவ ஒரு சிங்க் இல்லை. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த மாதங்களில் என் மாமியார் பட்ட பாடுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில். மாமனார் காலத்துக் கடப்பா மேடை, கீழே கதவில்லாத ஷெல்ஃப். அத்தைக்கு முழங்கால் தேய்மானம். பருப்பு டப்பா எடுக்கவே தரையில் உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். இழுத்தால் வரும் டிராயர் இருந்தால் குனிய வேண்டியதில்லை என்றுதான் இந்த வேலையில் இறங்கினோம். விசாரித்துத்தான் செய்தோம். ஷோரூம் வைத்திருக்கும் இண்டீரியர்காரர், 2,85,000 ரூபாய்க்குக் கொட்டேஷன், அதில் ‘710 கிரேடு பிளைவுட்’, அதாவது தண்ணீரைத் தாங்கும் வகை, என்று எழுத்திலேயே இருந்தது. பாதிப் பணம் அட்வான்ஸ், பொருள் தயாரானதும் 40 சதவீதம், வேலை முடிந்ததும் மீதி 10. மூன்று வாரத்தில் முடியும், நவராத்திரிக்குப் புது அடுப்படியில் சுண்டல் செய்யலாம் என்றார்கள்.

அட்வான்ஸ் வங்கியில் ஏறிய கையோடு சுத்தியலுடன் ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்த வேகத்தைப் பார்த்து எங்களுக்கு சந்தோஷம்தான். சாயங்காலத்துக்குள் கடப்பா கல், சிங்க், டைல்ஸ், குழாய் எல்லாம் பெயர்ந்து டாடா ஏஸில் ஏறிப் போய்விட்டன. “அந்த சிங்க்கை வைச்சிட்டுப் போங்க தம்பி” என்று அத்தை கேட்டார். “கழிவு ஏத்துற கூலிக்கு அது சரியாப் போச்சும்மா” என்று பதில் வந்தது. அதோடு சரி. அதற்கப்புறம் அந்த ஆட்களை நாங்கள் பார்க்கவே இல்லை.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இடிப்பதற்கு அவர்களுக்கு ஒரு நாள் கூலிதான் செலவு. ஆனால் அந்த ஒரு நாளில் பிடி முழுக்க அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. மேடை இருக்கும்வரை “வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்று சொல்ல நமக்கு வழி உண்டு. மேடை போன பிறகு வேறு ஆளைக் கூப்பிட்டால், “இன்னொருத்தர் ஆரம்பிச்ச வேலைல கை வைக்க மாட்டேன்” என்கிறார். அடுப்படியே இல்லாத வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவு தெம்பு மிஞ்சியிருக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் சாக்குகள் தொடங்கின. தச்சர் ஊருக்குப் போயிருக்கிறார், கிரானைட் வரவில்லை, மழை. “நாளைக்குக் கண்டிப்பா அக்கா” என்று சூப்பர்வைசர் தம்பி சொல்லாத நாளே இல்லை. 40 சதவீதம் வந்தால்தான் பெட்டிகள் வண்டி ஏறும் என்றார்கள். அதைக் கொடுத்ததும், கொட்டேஷனில் இல்லாத பைப் லைன் மாற்றும் செலவு தனி என்றார்கள். கொலு முடிந்தது, தீபாவளியும் முடிந்தது. பலகாரம் மொத்தமும் கடையில் வாங்கினோம்.

இந்த நிலையில் வீடு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒழுங்காக வேலை செய்பவரிடம் கொடுத்தாலும் சில வாரங்கள் எல்லாருக்கும் இதே கஷ்டம்தான்.

சமையலை ஹாலுக்கு மாற்றினோம். முதலில் இண்டக்‌ஷன் அடுப்பை டிவிக்கு இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினார் என் வீட்டுக்காரர். குக்கர் விசில் வருவதற்குள் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்துவிட்டது. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்குத்தான் தாங்கும். ஏசிக்குப் போடும் பெரிய 16 ஆம்பியர் பாயிண்டில் நேராகச் சொருகுங்கள், நடுவில் எக்ஸ்டென்ஷன் எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தப் பாயிண்ட் படுக்கையறையில் இருந்ததால் பல நாள் சாம்பார் அங்கேதான் கொதித்தது. அலுமினியப் பாத்திரமும் மண்சட்டியும் இதில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரங்களை மட்டும் இடிப்பதற்கு முன்பே பிரித்து எடுத்து வையுங்கள். கரண்ட் பில்லையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கும் கூடுதல் விலை போட்டுவிடுவார்கள்.

கேஸ் அடுப்புதான் வேண்டும் என்றால் உறுதியான மேசை ஒன்று தேவை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கிவிடும். அதனால் அடுப்பைத் தரையில் வைத்து சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், சிலிண்டர் நேராக நிற்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

சமைப்பதை எப்படியோ சமாளித்துவிடலாம். கழுவுவதுதான் ஆளைக் கொன்றுவிடும். தோட்டத்துக் குழாயடியில், துவைக்கிற கல் பக்கத்தில் உட்கார்ந்து பத்துப் பாத்திரம் தேய்த்தோம். ஐப்பசியில் மழை பிடித்ததும் அங்கே நிற்க முடியவில்லை. கடலூர் மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனோம். சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் தரைக் குழியில் இறங்கி அடைத்துக்கொண்டன. குளிக்கிற தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது, எண்ணெய்ப் பிசுக்கில் தரை வழுக்கியது. முழங்கால் வலிக்கிற அத்தை ஒரு நாள் அங்கே சறுக்கி, நல்லவேளையாகக் கதவைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குத்தான் இவர்களைச் சும்மா விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பாத்ரூமில் கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், எண்ணெய்ச் சட்டியை முதலில் செய்தித்தாளால் வழித்துக் குப்பையில் போடுங்கள். மிச்சம் மீதியைத் தனி வாளியில் சேருங்கள். அரிசி கழுவிய தண்ணீரும் காய்த் தோலும் எங்கள் தெருவில் மாடு வைத்திருப்பவருக்குப் போய்விடும். தரைக் குழியின் மேல் கொசுவலைத் துணியை இரண்டாக மடித்துப் போட்டுவிட்டால் பருக்கை அதில் தங்கிவிடும். தேய்ப்பதற்கு ஒரு டப், அலசுவதற்கு ஒரு டப், இரண்டையும் ஸ்டூல் மேல் வைத்து நின்றபடி கழுவினால் இடுப்பு தப்பிக்கும். உழவர் சந்தையில் வாழை இலை வாங்கிவந்தால் தட்டு கழுவும் வேலை பாதி குறையும். மீன் வாங்கினால் சந்தையிலேயே சுத்தம் செய்து நறுக்கி வாங்கிவிடுங்கள், சிங்க் இல்லாத வீட்டில் செதிளை எங்கே கழுவுவது?

எங்களுக்கு உண்மையிலேயே விடிவு கொடுத்தது ஒரு பிளம்பர் அண்ணன் சொன்ன யோசனை. பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு ஸ்டீல் சிங்க் வாங்கிவரச் சொன்னார். பின்வாசல் தாழ்வாரத்தில் இரண்டு பக்கமும் சிமெண்டு கல்லை அடுக்கி அதன்மேல் சிங்க்கை உட்கார வைத்து, கீழே டியூப் மாட்டிச் சாக்கடைக்கு விட்டார். தோட்டத்துக் குழாயிலிருந்து ஒரு ஓஸ். அரை நாள் வேலைதான். அத்தை அதன் முன்னால் நிமிர்ந்து நின்று தேய்த்ததைப் பார்த்ததும், எங்கள் சிங்க்கை அன்றைக்கே விட்டுப் போயிருந்தால் இந்த மாதங்கள் எவ்வளவு லேசாகப் போயிருக்கும் என்று வயிறெரிந்தது. பழைய சிங்க், குழாய், கல் எல்லாம் உங்கள் சொத்து. கொட்டேஷனிலேயே “பழைய பொருள் வீட்டுக்காரருக்கு” என்று எழுதி வாங்குங்கள்.

கடைசியில் கார்த்திகை முடியும் சமயத்தில் பெட்டிகள் வந்தன. வெளியே பளபளவென்று லேமினேட். சிங்க் பைப்புக்காகப் பின்பலகையில் துளை போட்டபோது உதிர்ந்த தூளைப் பார்த்ததும் எனக்கு சந்தேகம் வந்தது. பிளைவுட் என்றால் வெட்டின ஓரத்தில் மெல்லிய மரத்தாள்கள் அடுக்கடுக்காகத் தெரியும். இதில் அடுக்கே இல்லை, மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பார்ட்டிக்கிள் போர்டு. துளையிட்ட துண்டை எடுத்து ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் டீயில் நனைந்த ரஸ்க் போல உப்பி, விரலால் அழுத்தினால் பிட்டுக்கொண்டு வந்தது. கதவுகள் மட்டும் பிளைவுட், கண்ணில் படாத உள்பெட்டி மொத்தமும் இதுதான். சிங்க்குக்கு அடியில், கடற்கரை ஊரின் ஈரக்காற்றில், இது எத்தனை மழையைத் தாங்கும்?

கேட்டதற்கு, “எல்லாரும் இப்படித்தான் மேடம் போடறோம், 710ன்னா டோருக்கு மட்டும்தான்” என்றார் முதலாளி. கொட்டேஷனில் அப்படி இல்லை. ஐ.எஸ். 710 என்பது தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். 303 என்பது பொதுப் பயன்பாட்டு பிளைவுட். இந்த எண் பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அச்சாகி இருக்கும், கூடவே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பில் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரிந்துவிடும். லேமினேட் ஒட்டின பிறகு முத்திரை மறைந்துவிடும். அதனால் ஒட்டுவதற்கு முன்பு பட்டறைக்கே போய்ப் படம் எடுங்கள். போக முடியாதவர்கள் வெட்டுத் துண்டு ஒன்றாவது கேட்டு வாங்குங்கள். டிராயருக்குள் வரும் கம்பிக் கூடைகளுக்கு எளிதில் துருப்பிடிக்காத 304 ஸ்டீல் என்று சொல்லிவிட்டு, விலை குறைந்த 202 ஸ்டீல் வைப்பதும் நடக்கிறது. காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று நம்பிவிட வேண்டாம், 202-லும் பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் ‘304’ என்று எழுதச் சொல்லுங்கள்.

“இடிச்சாத்தான் மேடம் அளவு கிடைக்கும்” என்று உங்களிடமும் சொல்வார்கள். மிச்ச வேலையை முடித்துக் கொடுக்க வந்த நெல்லிக்குப்பம் தச்சர் அதைக் கேட்டுச் சிரித்தார். சுவர் அளவை மேடை இருக்கும்போதே எடுக்கலாம், டைல்ஸின் கனத்தைக் கூட்டிக் கணக்குப் போடுவது தச்சுவேலை தெரிந்த எவருக்கும் வரும் என்றார். பெட்டிகள் தயாராகி, நீங்கள் பார்த்து, வீட்டு வாசலில் இறங்கிய பிறகு இடிக்கட்டும். குழாய் லைனை முதலில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற வீடுகளில், அந்த வேலை முடிந்த அன்றே பழைய சிங்க்கைத் தற்காலிகமாக மாட்டிக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். பணத்தையும் அதே மாதிரி பிரியுங்கள். முடிந்த பிறகு தருவது 10 சதவீதம் மட்டும் என்றால் அதற்காக யாரும் திரும்பி வர மாட்டார்கள். 25, 30 சதவீதமாவது கையில் நிற்க வேண்டும்.

இப்போது நாங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தோம், அப்புறம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். இரண்டுக்கும் பதில் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான ‘இ-ஜாக்ரிதி’ இணையதளத்திலும் பதிவு செய்யலாம். கொட்டேஷன், வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் பேச்சு, வேலையின் ஒவ்வொரு கட்டத்துப் படங்கள், எதையும் அழிக்காதீர்கள். பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்று ஆசை காட்டினார்கள். நாங்கள் மறுத்து வங்கி வழியாகக் கொடுத்ததுதான் இன்றைக்குக் கை கொடுக்கிறது.

புகாரில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று தெரியாமல் தவிப்பவர்கள் கேளுங்கள். எங்கள் மனுவில் பெயர், முகவரியை நீக்கிவிட்டு அனுப்பி வைக்கிறேன்.