டின் பால் குடிக்கும் பாப்பா கக்கினால்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளி வைப்பது

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீடு ஒற்றை அறை, ஓரத்தில் சமையலுக்கு ஒரு தடுப்பு. பாப்பாவுக்கு ஆறாவது வாரத்தில் முழுக்க டின் பாலுக்கு, அதாவது டின்னில் வரும் குழந்தைப் பால் பவுடருக்கு, மாறினோம். ஏழாவது வாரம் தொடங்கிப் பால் குடித்த கால் மணி நேரத்தில் என் தோளெல்லாம் நனையும். நாளைக்கு எட்டு ஒன்பது தடவை. பாலைக் கொஞ்சம் கெட்டியாகக் கலக்கச் சொன்னார் அத்தை. எதிர் வீட்டு ஆயா தூளியில் போடச் சொன்னார். மெடிக்கல் கடையில் டின்னை மாற்றச் சொன்னார்கள். ஒரு கிளினிக்கில் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். நான்கையும் ஒரே வாரத்தில் செய்தேன். கக்கல் கொஞ்சம் குறைந்தது, அப்புறம் கூடியது. எதனால் குறைந்தது, எதனால் கூடியது என்று கடைசி வரை தெரியவில்லை. அந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எதற்கு என்ன பலன், என்ன ஆபத்து என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வால்வு போல ஒரு தசை வளையம் இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது இன்னும் இறுகிப் பழகவில்லை. சாப்பாடு முழுக்கத் தண்ணீராக இருக்கிறது, நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறது, அதனால் பால் மேலே ஏறுகிறது. பெரும்பாலும் எட்டு வாரத்துக்கு முன்பே தொடங்கி, நான்காம் மாதத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், ஒரு வயதுக்குள் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நின்றுவிடும். எடை ஏறி, சிரித்து விளையாடும் குழந்தை கக்கினால் அதற்கு வைத்தியமே தேவையில்லை. 'கக்குற புள்ள நல்லா வளரும்' என்று ஆயா சொன்னது அந்த அளவில் சரிதான்.

ஆனால் கக்கல் வேறு, வாந்தி வேறு. ஒன்றரை இரண்டு மாதக் குழந்தை குடித்த பாலை எல்லாம் தூரப் போய் விழுகிற மாதிரி ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடித்து, உடனே பசித்து அழுதால் அது இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் அடைத்துக்கொள்ளும் நோயாக இருக்கலாம். அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். பச்சை நிறத்தில் வாந்தி, ரத்தம், வயிறு உப்பிக் கல்லு மாதிரி ஆவது, காய்ச்சல், உச்சிக்குழி புடைப்பது, சிறுநீர் குறைவது, பாலையே தொட மறுப்பது, எடை நிற்பது, ஆறு மாதத்துக்கு மேல் புதிதாகக் கக்கத் தொடங்குவது: இதில் ஒன்று இருந்தாலும் கீழே நான் எழுதுகிற எதையும் வீட்டில் முயல வேண்டாம். பச்சை வாந்தி என்றால் விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. எங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை நடக்கிற தூரம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் 108 கூட்டிப்போகும்.

அளவைக் குறைப்பதா, பாலைக் கெட்டியாக்குவதா

என் அனுபவத்தில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது அளவுதான். அதற்குக் காசும் ஆகவில்லை. புதன்கிழமை ஊசி போடப் போனபோது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அக்கா எடை பார்த்தார்: சரியாக 5 கிலோ. "ஒரு நாளைக்கு எவ்ளோ குடுக்குறமா?" என்று கேட்டார். அதுவரை நான் கூட்டிப் பார்த்ததே இல்லை. ஒரு வேளைக்கு 150 மில்லி, ஏழு வேளை. 1050 மில்லி.

பொதுவான கணக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 150 மில்லி. ஐந்து கிலோவுக்கு 750. நான் 300 மில்லி கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கூடுதல்தான் என் தோளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. பாப்பா அழும்போதெல்லாம் பசி என்று நினைத்தேன். கக்கியதும் வயிறு காலியாகிவிட்டதே என்று மறுபடி பாட்டிலை வைத்தேன். ஒரு சுற்று முடியும் முன் அடுத்த சுற்று. மொத்த அளவை 750க்குக் கொண்டுவந்து எட்டு வேளையாகப் பிரித்தோம். வேளைக்கு 90, 95 மில்லி. முதல் இரண்டு நாள் அழுதாள். நான்காம் நாள் கக்கல் நாளைக்கு மூன்றாகக் குறைந்தது. எல்லாக் குழந்தைக்கும் இப்படிச் சட்டென்று குறையும் என்று சொல்லமாட்டேன், ஆனால் வேறு எதையும் தொடுமுன் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். கணக்குக்கு உள்ளேயே குடிக்கிற குழந்தைக்கு மொத்த அளவைக் குறைக்கக் கூடாது. அதே அளவைச் சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்தால் போதும்.

மருத்துவ வழிமுறைகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே வரிசையில்தான் போகிறது: டின் பால் குடிக்கும் குழந்தை கக்கிக் கக்கி மிகவும் அவதிப்பட்டால், முதலில் ஊட்டுகிற விதத்தைப் பார், அளவு கூடுதலாக இருந்தால் குறை, வேளைகளைச் சிறிதாக்கு, அதற்கும் சரிவராவிட்டால் தடிப்பான பால்.

தடிப்பான பால் என்றதும் அத்தை சொன்ன கூடுதல் ஸ்பூன் ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு. டின்னில் எழுதியிருப்பதை விடப் பவுடரைக் கூட்டினால் பால் தடிப்பாவதில்லை, உப்பும் புரதமும்தான் கூடுகின்றன. குழந்தைக்கு நீர் வற்றும், மலம் இறுகும், சிறுநீரகத்துக்குப் பாரம். அத்தையிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். கடைசியில் நர்ஸ் அக்காவே சொல்லட்டும் என்று அடுத்த புதன் அத்தையையும் அழைத்துப் போனேன். டின்னுக்கு டின் ஸ்பூன் அளவும் மாறும். பழைய டின் ஸ்பூனைப் புது டின்னில் போட்டால் அங்கேயே தப்பு. தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகுதான் தலைதட்டிய ஸ்பூன்.

உண்மையான தடிப்பு, கக்கலுக்கென்றே அரிசி மாவுச்சத்தோ கேரப் என்ற மரத்தின் விதைப் பிசினோ சேர்த்துச் செய்யும் தனி டின். இது வெளியே கக்குவதைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. உள்ளே பால் மேலேறுவதை அவ்வளவாகக் குறைக்காது. விலை கூடுதல், சின்ன மெடிக்கல் கடையில் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டும். சில குழந்தைக்கு மலச்சிக்கல் வரும். வயிற்றின் அமிலம் பட்டுத்தான் கெட்டியாகும் வகைகளும் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மருந்தையும் அதோடு கொடுத்தால் இந்த டின் வேலை செய்யாது. மருத்துவர் இரண்டையும் சேர்த்து எழுதினால் தயங்காமல் கேளுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் எதையும் தடிப்பாக்கவே கூடாது.

வீட்டில் அரிசி மாவையோ கேழ்வரகுப் பாலையோ பாட்டிலில் கலப்பதை நான் ஏற்கமாட்டேன். அளவு தெரியாது, நிப்பிள் அடைக்கும், அடைக்கிறது என்று துளையை வெட்டிப் பெரிதாக்குவார்கள், குழந்தைக்குப் புரையேறும்.

நிப்பிளா, பாலாடையா

பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். கோடாக ஓடினால் வேகம் அதிகம். பாப்பா மூச்சுத் திணறக் குடித்துக் காற்றையும் விழுங்குவாள். எங்கள் பாட்டிலில் பெரிய குழந்தைகளுக்கான நிப்பிள் இருந்தது. அதை மாற்ற ஆன செலவு சொட்டு மருந்தின் விலையை விடக் குறைவு.

பாட்டிலைச் சரியாகக் கழுவ முடியாத வீட்டுக்குப் பாலாடைதான் பாதுகாப்பு. ஆனால் காலை நீட்டி அதில் குழந்தையை மல்லாத்தி, சங்கில் ஊற்றும் பழைய முறை கக்குகிற குழந்தைக்கு ஆகாது. நிமிர்த்திப் பிடித்து, அவள் நாக்கு நீட்டிக் கேட்கக் கேட்கச் சிறிதாகக் கொடுத்தால் சரி. எது என்றாலும் தண்ணீர் கொதித்திருக்க வேண்டும், மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ. கொதித்து அரை மணிக்குள், இன்னும் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பவுடரைக் கலந்து, பிறகு ஆற வைக்க வேண்டும். பால் பவுடரில் கிருமி இருக்கலாம் என்பதால் இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன முறை. குலுக்கியதும் நுரை அடங்கட்டும்.

தூளியா, தலையணையா, தரையா

இதில்தான் எங்கள் வீட்டில் அதிகம் மனம் நொந்தது. தூளி கட்டுவதற்கு எங்கள் தெருவில் காரணம் இருக்கிறது: தரையில் எறும்பு, சாக்கடைப் பக்கம் பெருச்சாளி, மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும். அழுகிற பிள்ளை ஆட்டினால் தூங்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் தூளிக்குள் குழந்தை வில்லாக வளைகிறது, தாடை நெஞ்சில் முட்டுகிறது, வயிறு மடிந்து அழுந்துகிறது. பால் குடித்த உடனே தூளி என்பது கக்கலுக்கே வழி; தாடை முட்டி மூச்சு அடைபடும் ஆபத்து அதை விடப் பெரிது. தலைப்பக்கம் தலையணை வைத்துச் சரிவாக்குவதும் இதே கதை, குழந்தை நழுவிக் கீழே வந்து சுருண்டுவிடும். குப்புறப் போட்டால் கக்கல் குறையும் என்பது நிஜம், ஆனால் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் ஆபத்து கூடுகிறது. கக்கலுக்காக அந்த விலை கொடுக்கவே முடியாது.

மல்லாக்கப் படுத்தால் புரையேறிவிடாதா என்று நானும் இரவெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தை மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். மேலேறிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழ். இதை டாக்டரம்மா ஒரு தாளில் வரைந்து காட்டிய பிறகுதான் நான் தூங்கினேன். நாங்கள் கடைசியில் செய்தது: குடித்ததும் இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடிப்பது, பிறகு கட்டிலில் கெட்டியான சமதளப் படுக்கையில் மல்லாக்க, மேலே கொசுவலை. ஆயாவுக்கு இன்னும் வருத்தம்தான். பகலில் பாப்பாவைத் தோளில் நிமிர்த்திப் பிடிக்கும் வேலையை அவரிடம் கொடுத்தேன். அதை அவரைப் போல யாரும் செய்யவில்லை.

டின் மாற்றுவது

ஒரு கம்பெனி டின்னிலிருந்து இன்னொரு கம்பெனியின் சாதாரண டின்னுக்கு மாறுவதில் கக்கலுக்குப் பலன் இல்லை. இரண்டும் பசும்பால் புரதத்தில் செய்தவை. கடைக்காரர் சிபாரிசில் வாங்காதீர்கள். இரண்டு வயது வரையிலான பால் பவுடரையும் பாட்டிலையும் விளம்பரப்படுத்தக் கூடாது என்று இந்தியாவில் 1992இலேயே சட்டம் வந்து 2003இல் இறுக்கப்பட்டது காரணமில்லாமல் இல்லை.

மாற்றுவதில் அர்த்தம் இருப்பது ஒரே இடத்தில்: பசும்பால் ஒவ்வாமை என்ற சந்தேகம். கக்கலோடு மலத்தில் ரத்தம், விடாத வயிற்றுப்போக்கு, தோலில் கரப்பான் போன்ற தடிப்பு இருந்தால் மருத்துவர் புரதத்தை நன்கு உடைத்த டின்னை இரண்டு முதல் நான்கு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். அது மிகவும் விலை. ஆட்டுப்பால் அதற்கு மாற்றாகாது; அதன் புரதமும் பசும்பாலினுடையதைப் போன்றதே. பாக்கெட் பாலைத் தண்ணீர் கலந்து கொடுப்பதும் ஒரு வயதுக்குள் கூடாது.

சொட்டு மருந்தும் வீட்டு மருந்தும்

எனக்கு எழுதிக் கொடுத்தது டோம்பெரிடோன் என்ற வாந்தி மருந்து. வெறும் கக்கலுக்கு அது பலன் தருவதற்கு ஆதாரம் பலவீனம். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம் என்று ஐரோப்பாவில் 2014இல் அதன் பயன்பாட்டைச் சுருக்கினார்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே பெயரில் இருந்தாலும் அடர்த்தி வேறு. ஒன்றின் அளவை மற்றதில் எடுத்தால் பல மடங்கு போய்விடும். அமிலம் குறைக்கும் மருந்து வேறு வகை. பால் வெளியே வருவதை அது குறைக்காது. அழுகைக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மருந்தை விட மேலாக எதுவும் நடக்கவில்லை, நெஞ்சுச் சளித் தொற்றுதான் கூடியது. உணவுக்குழாய் புண்ணாகியிருக்கும் குழந்தைக்கு அது தேவைப்படும், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அமிலம் குறைக்கும் ரானிடிடின் பழைய பாட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு காரணமாக அமெரிக்காவில் 2020இல் விலக்கினார்கள், இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022இல் போய்விட்டது.

கிரைப் வாட்டர், ஓம வாட்டர், சுட்டு உரசிய வசம்பு: கக்கலுக்கு எதுவும் உதவாது, ஆறு மாதத்துக்குள் பாலையும் மருத்துவர் சொன்ன மருந்தையும் தவிர வேறு எதுவும் உள்ளே போகவும் கூடாது. சுவரில் 'தொக்கம் எடுக்கப்படும்' என்று எழுதியிருக்கும் இடத்துக்கும், உரம் விழுந்தது என்று சேலையில் போட்டுக் குலுக்குபவர்களிடமும் கைக்குழந்தையைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். பால் நிறைந்த வயிற்றைக் குலுக்கினால் மூச்சுக்குழாயில்தான் போய் முடியும்.

நான்கையும் ஒன்றாகச் செய்த அந்த வாரத்துக்குப் பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரமாவது கொடுத்தோம். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் மணி, மில்லி, எத்தனை தடவை கக்கினாள், புதன்கிழமை எடை என்று எழுதி வந்தேன். தடிப்பான டின் வரை நாங்கள் போகவே இல்லை. நான்காம் மாதம் இரண்டு வாரம் மறுபடி அதிகமானது; நோட்டைப் பார்த்த டாக்டரம்மா எடை சீராக ஏறுகிறது என்று சொல்லி மருந்து எதுவும் எழுதாமல் அனுப்பினார். ஆறாம் மாதம் கஞ்சி, மசித்த இட்லி தொடங்கி, உட்காரவும் பழகினாள். எட்டாம் மாதம் நோட்டில் கக்கல் கட்டம் பல நாள் வெறுமையாக இருக்கிறது.