249 கிராம் ட்ரோன்: கீழே இருப்பவர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

பொழுதுபோக்கு ட்ரோன்களைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் படத்தின் தெளிவு, பறக்கும் நேரம், காற்றைத் தாங்கும் திறன் ஆகியவற்றோடு முடிந்துவிடுகின்றன. 249 கிராம் எடையும் நான்கு மடக்குக் கைகளும் கொண்ட இந்தக் கேமரா ட்ரோன் மூன்றிலும் குறை சொல்ல இடம் வைக்கவில்லை. ஆனால் இதை விரும்பி வாங்குபவர் ஒருவர். விரும்பாமலே இதன் ஒலிக்கும் பார்வைக்கும் ஆட்படுபவர்கள் பலர். அவர்கள் பக்கத்திலிருந்தே இதை எடைபோடுகிறேன்.

முதலில் ஒலி. விசிறி நொடிக்கு எத்தனை முறை சுற்றுகிறதோ, அந்த எண்ணை இதழ்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் அதிர்வெண்ணே நம் காதில் விழும் அடிப்படைச் சுருதி. சிறிய விசிறி வேகமாகச் சுற்றினால்தான் எடையைத் தூக்க முடியும் என்பதால், இந்த ட்ரோனின் சத்தம் பெரிய ட்ரோன்களின் சத்தத்தைவிடக் குறைவாக இருந்தாலும் கூர்மையாக ஒலிக்கிறது. அதோடு, சமநிலை காப்பதற்காக நான்கு மோட்டார்களும் கணந்தோறும் தத்தம் வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் சுருதி ஓரிடத்தில் நிற்பதில்லை; கூரை மின்விசிறியின் இரைச்சலைப் போல இதைக் காது பழகி ஒதுக்கிவிடுவதில்லை. நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு உரத்த சாலை வாகன ஒலியைவிட ட்ரோன் ஒலியே அதிக எரிச்சலூட்டுவதாகக் கேட்டவர்கள் மதிப்பிட்டார்கள். ஆகவே, விவரக் குறிப்பில் காணும் டெசிபல் எண்ணை மட்டும் நம்பி இதை அமைதியான கருவி என்று முடிவுகட்டக் கூடாது.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் தணியும். 10 மீட்டரில் கேட்பது 80 மீட்டரில் ஏறத்தாழ 18 டெசிபல் குறைந்திருக்கும். வீடுகளுக்கு அருகே தாழ்வாக வட்டமடிப்பதே பெருந்தொல்லை.

தனியுரிமை விஷயத்தில் அச்சம் சில இடங்களில் மிகையாகவும், சில இடங்களில் போதாமலும் இருக்கிறது. இதன் லென்ஸ், 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராவில் மாட்டிய 24 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இணையான அகலக் கோணம் கொண்டது. 120 மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழாகப் பார்த்தால் சட்டகத்துக்குள் சுமார் 180 மீட்டர் அகலம் அடங்கும். 4கே வீடியோவின் அகலத்திலுள்ள 3840 புள்ளிகளில் (பிக்சல்களில்) அதைப் பரப்பினால் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் ஒருவரின் முகம் மூன்று நான்கு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அதே கேமரா 10 மீட்டரில் நின்றால் ஒரு புள்ளிக்கு 4 மில்லிமீட்டர்தான். ஜன்னலுக்குள் இருப்பவரை அடையாளம் காண அது தாராளம். தொலைநோக்கு லென்ஸ் உள்ள மாதிரிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருப்பினும், முகம் தெரியவில்லை என்பது கீழே நிற்பவருக்கு ஆறுதலாகாது. கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பதிவு நடக்கிறதா என்பவற்றை அறிய அவருக்கு வழியே இல்லை. பதிவைத் தெரிவிக்கும் விளக்கு ஒன்றைக்கூட இதில் வைக்கவில்லை. எந்த வண்டி எந்த வீட்டில் நிற்கிறது, யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல முகம் தேவையுமில்லை. எடுக்கும் ஒவ்வொரு புகைப்படக் கோப்பிலும் இடத்தின் ஆயத்தொலைவுகள் (வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டும் எண்கள்) பதிவாகின்றன என்பதை, படங்களைப் பகிர்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

249 என்ற எண் தற்செயலானதல்ல. அமெரிக்காவில் பொழுதுபோக்காக மட்டும் பறக்கவிடப்படும் 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோன்களை அரசிடம் பதிவு செய்வது கட்டாயமில்லை. இந்த எல்லை, மேலே விழுந்தால் ஏற்படும் காயத்தைக் கருதி வகுக்கப்பட்டதே தவிர, காதையும் அந்தரங்கத்தையும் கருதி அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பாதி உணர்ந்திருக்கிறது: 250 கிராமுக்குக் குறைந்த சி0 எனப்படும் ட்ரோன் வகைக்கு அங்கும் ஒலி வரம்பு இல்லை, ஆனால் கேமரா இருந்தால், பொம்மையாக வகைப்படுத்தப்பட்டவை நீங்கலாக, இயக்குபவர் அரசிடம் தம்மைப் பதிவு செய்தே ஆக வேண்டும். எடையைவிடக் கேமராவைப் பொருட்படுத்தும் இந்த விதியே எனக்கு நியாயமாகப் படுகிறது.

வயல்வெளி, மலைச்சரிவு, ஆளில்லாக் கடற்கரை ஆகிய இடங்களில் படமெடுப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்து, அங்கேயே பறக்கவிட நினைப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. தனியாக விற்கப்படும் விசிறிக் காப்பு வளையங்களை மாட்டினால் எடை 250 கிராமைத் தாண்டிவிடும் என்பதால், எடைச் சலுகையை நம்பி வாங்குபவர்கள் அவற்றைச் சேர்த்து வாங்கும் முன் தங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.