ஒரே கொக்கு, இரண்டு குளம்

எங்கள் அறநெறிப் பாடசாலை மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கிறது. புதிய மாணவத் தலைவர்களுக்கு ஒரு கதை சொல்லச் சொன்னார்கள். கல்லடிப் பாலத்தில் நின்றாலே கொக்கு தெரியும் ஊர் இது. கொக்கும் நண்டும்தான், சந்தேகமில்லை. ஆனால் எந்தக் கொக்கு? பஞ்சதந்திரத்தில் ஒன்று, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் பாளி ஜாதகக் கதைகளில் 38ஆவதாக இன்னொன்று.

பஞ்சதந்திரக் கொக்கு கிழடு, மீன் பிடிக்கத் தெம்பில்லை. கரையில் நின்று கண்ணீர் விடுகிறது. பன்னிரண்டு வருடம் மழையே இல்லையாம், சோதிடர் சொன்னாராம். வேறு குளத்தில் விடுகிறேன் என்று மீன்களைத் தூக்கிப்போய்த் தின்கிறது.

ஜாதகக் கொக்கு இன்னும் தேர்ந்த ஆள். கோடையில் குளம் வற்றுவது மீன்களுக்கே தெரியும், பொய் தேவையில்லை. "உலகம் தோன்றிய நாள் முதல் மீனுக்காகக் கவலைப்பட்ட கொக்கு உண்டா?" என்று மீன்கள் மடக்குகின்றன. கொக்கு வாதாடவில்லை. ஒற்றைக் கண் மீன் ஒன்றைத் தூக்கிப்போய்த் தாமரைக் குளத்தைக் காட்டி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. மற்றவர்களைச் சம்மதிக்க வைப்பது அந்த மீனின் வேலை. தேர்தல் காலத்தில் இந்த ஒற்றைக் கண் மீனை நாங்கள் காணாததா!

நண்டும் அப்படித்தான். பஞ்சதந்திர நண்டுக்கு எலும்புக் குவியலைக் கண்ட பிறகே விளங்குகிறது. கொக்கின் கழுத்தை நறுக்கி, அதை இழுத்துவந்து மிச்ச மீன்களுக்குக் காட்டுகிறது. ஜாதக நண்டு புறப்படும்போதே உஷார். 'உன் அலகில் வரமாட்டேன், நானே உன் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறேன்' என்கிறது. தாமரைத் தண்டை வெட்டுவதுபோல் வெட்டிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஆனால் அந்தக் கதையில் மிச்ச மீனே இல்லை. எல்லாவற்றையும் தின்று தீர்த்த பிறகுதான் கொக்கு நண்டிடம் வருகிறது.

பஞ்சதந்திரம், அமரசக்தி அரசனின் மூன்று மந்தப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்தில் அரசியல் புகட்ட விஷ்ணு சர்மா சொன்னதாம். ஆனால் அதில் வரும் சிங்க ராசா பிங்களகன் எருது முக்காரமிட்டாலே நடுங்குகிறான். காரியத்தை நடத்துவது கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகள். (அரபியில் இவர்கள் கலீலா, திம்னா ஆனார்கள் என்றதும் முஸ்லிம் ஊரான காத்தான்குடி நண்பர் ஒருவர் துள்ளிவிட்டார்.) தலைவனைச் சுற்றி நிற்பவர்களைப் படிக்க இதற்கு நிகரில்லை. இதோபதேசம் என்ற இன்னொரு வடமொழிக் கதைநூல் பெரும்பாலும் இதன் தயவில் வாழ்வது, அதை விட்டுவிடலாம்.

தலைவனையே காட்டுவது மகாகபி ஜாதகம். குரங்கரசன் தன் உடம்பைப் பாலமாக்கி 80,000 குரங்குகளைக் கரைசேர்க்கிறான். கடைசியாக வந்த பகைவன் முதுகில் குதித்து அவன் நெஞ்சை உடைக்கிறான். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஜாதகக் கொக்கையே சொன்னேன். ஒற்றைக் கண் மீனுக்கு நன்றாகச் சிரித்தார்கள். முடிந்ததும், தகப்பனோடு தோணியில் போய்வரும் பொடியன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"சேர், மீனெல்லாம் முடியுமட்டும் நண்டு எங்க இருந்தது?"

"அதே குளத்திலதான் மகன்."

"பார்த்துக்கொண்டா?"