வட்ஸ்அப்பா, கூகுள் கலண்டரா: வேலைகளை எதில் குறித்து வைப்பது?

யாழ்ப்பாணத்தில் பலர் வேலைகளைக் குறிப்பது வட்ஸ்அப்பில், தமக்குத் தாமே அனுப்பும் செய்தியாக. வேகத்தில் அதை மிஞ்ச முடியாது. திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும் வழியில் குரலிலேயே பதியலாம். கிளினிக் கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்துப் போடலாம். அந்த உரையாடலைப் பட்டியலின் உச்சியில் 'பின்' (pin) செய்துவிட்டால் தேடவும் வேண்டாம்.

ஆனால் தனக்குத் தானே எழுதியது நேரம் வந்ததும் தானாக மணி அடிக்காது. புதுச் செய்திகள் வர வர பழையது மேலே போய் மறையும். "எதையோ மறந்திட்டன்" என்ற பதற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

திகதி உள்ள எதற்கும் கலண்டர்தான் சரி. கொழும்புக்கு இரவு பஸ் என்றால் நிகழ்வைத் திறந்து இரண்டு அறிவித்தல்கள் வையுங்கள்: பை கட்ட 1 நாள் முன்பு, புறப்பட 3 மணித்தியாலம் முன்பு. மின்சார பில், சீட்டுக்காசு போன்றவற்றை மாதந்தோறும் திரும்ப வரச் செய்யலாம். 31ஆம் திகதியைத் தெரிவு செய்ய வேண்டாம். 30 நாள் மாதங்களில் அது வராமலே போகும். 28 பாதுகாப்பு.

அறிவித்தல் வரவில்லையா? போனின் பற்றரி சேமிப்பு தடுத்திருக்கலாம். செற்றிங்ஸில் கலண்டருக்கு அந்தக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

சாமான் பட்டியலுக்கு மட்டும் கலண்டர் வேண்டாம், அது வட்ஸ்அப்பிலேயே கிடக்கட்டும். இரவில் 5 நிமிடம் ஒதுக்கி, அதில் திகதி உள்ளவற்றைக் கலண்டருக்கு மாற்றினால் போதும்.