புனலூர் சர்வருக்குக் கையால் ஐபி எழுதி ஆறு வருடம்

வீடு செங்கோட்டையில். நான் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் சர்வர் மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில் ஒரு மரக்கடை ஆபீசில் இருக்கிறது. அதன் ஐபியை, அதாவது நெட்வொர்க் முகவரியை, கையால் எழுதும் ஃபைலில் ஒரு எண் தப்பினாலும் ஆரியங்காவு வழியாக பஸ் ஏறிப் போய் மானிட்டர் மாட்டியாக வேண்டும்.

ரவுட்டரிலேயே டிஎச்சிபி ரிசர்வேஷன் (இந்த சர்வருக்கு எப்போதும் ஒரே ஐபி கொடுக்கச் சொல்லும் அமைப்பு) போட்டால் போதாதா என்று கேட்பார்கள். துலா (ஐப்பசி) மாத இடியில் ரவுட்டர் போய் வேறு ஒன்று வைத்தால் அந்த ரிசர்வேஷனும் அதோடு போய்விடும், சர்வரில் எழுதியது அப்படியே இருக்கும். எனக்கு அதுதான் முக்கியம்.

2019-ல் அதில் உபுண்டு 18.04 லினக்ஸ் போட்டேன். டெபியன் லினக்ஸில் இன்டர்ஃபேசஸ் ஃபைல் எழுதிப் பழகிய கைக்கு, உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானின் யாமல் ஃபைல் எரிச்சலாகத்தான் இருந்தது, டேப் அடித்தால் ஏற்காது, ஸ்பேஸ்தான், அதுவும் வரிசை பிசகக் கூடாது. முதல் மாதமே கேட்வேயில் (வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி) 1-க்குப் பதில் 11 அடித்து ‘நெட்பிளான் அப்ளை’ கொடுத்தேன். வீட்டிலிருந்து சர்வருக்குள் போகும் எஸ்எஸ்எச் தொடர்பு அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் கொட்டுகிற மழையில் புனலூர்.

அப்புறம் ‘அப்ளை’யைத் தொடுவதே இல்லை, ‘நெட்பிளான் ட்ரை’ மட்டும்தான். 120 வினாடிக்குள் நாம் என்டர் தட்டவில்லை என்றால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். இதுவரை இரண்டு பயணத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது. பாண்ட், பிரிட்ஜ் (நெட்வொர்க் இணைப்புகளை ஒன்றாகச் சேர்ப்பவை) அமைப்புகளை மாற்றும்போது மட்டும் இதை நம்பாதீர்கள், எல்லாவற்றையும் அதனால் திருப்ப முடியாது.

இன்னொரு நாள் இரண்டாவது நெட்வொர்க் கார்டு செருகச் சொன்னேன், பழைய கார்டின் பெயரே இஎன்பி3எஸ்0-இலிருந்து இஎன்பி4எஸ்0 ஆகிவிட்டது. ஃபைலில் பழைய பெயர், நெட் இல்லை. இப்போது மேட்ச் பகுதியில் கார்டின் மேக் முகவரி (அதற்கே உரிய அடையாள எண்) கொடுத்து, பெயரையும் செட்-நேம் வைத்து நானே வைத்துவிடுகிறேன். உபுண்டு 22.04-க்கு மாறியபோது கேட்வே4 என்ற வரி பழையது என்று எச்சரிக்கை வந்தது, ரூட்ஸ் பகுதியில் டீஃபால்ட் என்று எழுதினால் சரி. கிளவுட்-இனிட் (சர்வர் எழும்போது ஆரம்ப அமைப்புகளைச் செய்யும் நிரல்) உருவாக்கிய ஃபைலில் மட்டும் கைவைக்காதீர்கள், மாற்றம் நிலைக்காது என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கும். முதலில் கிளவுட்-இனிட்டின் நெட்வொர்க் வேலையை நிறுத்திவிட்டுத் தனி ஃபைல் எழுதுங்கள்.

ஐபி, கேட்வே, மேக் மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி சர்வர் மேலேயே ஒட்டியிருக்கிறேன். தொடர்பு போனால் கடைச் சேட்டன் போனில் அதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துச் சொல்லுவார்.