தோட்ட வேலைக்கு "சேஃப்டி பேக்கேஜ்" விற்க வருபவர்களிடம் ஜாக்கிரதை: எங்களுக்கு விற்ற மாஸ்க்கில் கரியே இல்லை

கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் ஐ.டி. வளாகங்களுக்கும் தோட்டப் பராமரிப்பு செய்து தரும் சின்ன நிறுவனம் எங்களுடையது. புல் வெட்டுவது, வேலிச்செடி கத்தரிப்பது, மருந்தடிப்பது, தென்னையில் ஏறி மட்டை கழிப்பது எல்லாவற்றுக்கும் சொந்த ஆட்கள் வைத்திருக்கிறோம். எங்களுக்கு நடந்தது இதே தொழிலில் இருக்கும் இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. பதிவு நீளமாகத்தான் இருக்கும். மருந்தடிக்க ஆள் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

பெரிய வளாகங்களில் இப்போதெல்லாம் கேட் பாஸ் சுலபத்தில் கிடைப்பதில்லை. ஹெல்மெட், ஷூ, மாஸ்க், உயரத்தில் ஏறுபவர்களுக்கு பெல்ட், ஒவ்வொரு ஆளுக்கும் பயிற்சிச் சான்றிதழ், நிறுவனத்துக்கு ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரச் சான்றிதழ் என்று பட்டியல் கொடுத்துவிடுவார்கள். கேட்பது நியாயம்தான். பிரஷ் கட்டர் ஓடும்போது சிதறும் கல் கண்ணைப் பறித்துவிடும், மரத்திலிருந்து விழுந்தால் இடுப்பு போய்விடும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இந்தப் பட்டியலைப் பார்த்துத் திகைத்து நிற்கும் சின்ன நிறுவனங்களைத் தேடித்தான் ஒரு கூட்டம் சுற்றுகிறது.

எங்களிடம் வந்தவர் நன்றாகப் பேசினார். பொருள், பயிற்சி, சான்றிதழ், பதிவேடு எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்றார். "நீங்க ஒண்ணுமே அலைய வேண்டாம் மேடம், ஃபைல் போட்டுக் கையில கொடுத்துடுவோம்" என்றார். கையில் கொண்டுவந்த சாம்பிள் ஹெல்மெட்டிலும் மாஸ்க்கிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றரை லட்சத்தை ஒட்டிய தொகை. பாதி முன்பணம், மீதி பொருள் இறங்கியதும். இறங்கிய பொருளும் பார்வைக்கு சாம்பிள் மாதிரியேதான் இருந்தது.

அப்புறம் ஒரு குடியிருப்பின் புல்தரையில் கரையான் ஏறியது. குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. (20 சதவீத பூச்சிமருந்து, தண்ணீரில் கலந்து அடிப்பது) அடிப்பதாக முடிவானது. லேபிளில் மஞ்சள் முக்கோணம் போட்ட மருந்து. நம் நாட்டில் விற்கும் பூச்சிமருந்துகளுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறக் குறி உண்டு. சிவப்பு கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்த படி. அன்று டேங்க் தூக்கியவர் எங்களிடம் பல வருஷமாக மருந்தடிக்கும் அண்ணன். காற்றின் திசை பார்க்காமல் நாசிலைத் திறக்கவே மாட்டார். புது மாஸ்க், புது கையுறை, கம்பூட் எல்லாம் போட்டுக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார்.

மதியத்துக்குள் போன் வந்தது. "அக்கா, தலை கிறுகிறுங்குதுங்க. வாயெல்லாம் எச்சியா ஊறுது. வேர்த்துக் கொட்டுதுங்க."

கூட இருந்த பையனிடம் அவருடைய துணியை உடனே மாற்றச் சொல்லி, சோப்புப் போட்டுக் குளிக்கவைத்து, மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். பாட்டிலை விட்டுவிட்டுப் போகவே கூடாது. என்ன மருந்து, எத்தனை சதவீதம், முறிவு மருந்து எது என்பதெல்லாம் லேபிளில் இருக்கும். டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் குறைந்த அறையிலும் கண்ணின் பாவை கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. குளோர்பைரிபாஸ் சேர்ந்த ஆர்கனோபாஸ்பேட் வகை விஷம் ஏறியதற்கான அடையாளம் அது. முறிவு மருந்தான அட்ரோபின் ஊசி போட்டு, ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். மருந்து வேலைக்கு மட்டும் இனி அவரை அனுப்புவதில்லை.

டாக்டர் முதலில் கேட்டது மாஸ்க்கைப் பற்றி இல்லை, கையுறையைப் பற்றி. மருந்தடிப்பவர்கள் உடம்பில் விஷம் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் ஏறும், அதிலும் கைகள் வழியாக என்றார். ஆபீஸுக்குத் திரும்பி அந்தக் கையுறையை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கைப் பக்கம் மட்டும் ரப்பரில் முக்கியிருக்கிறது, புறங்கை வெறும் பின்னல் துணி. செங்கல் தூக்கவும் ரோஜாச் செடி கத்தரிக்கவும் அது போதும். மருந்து கலக்கும்போது அந்தத் துணி மருந்தை உறிஞ்சிக்கொண்டு மணிக்கணக்கில் தோலோடு ஒட்டவைக்கும். அதைவிட வெறுங்கையே தேவலை, கழுவவாவது செய்யலாம். பேக்கேஜ் பட்டியலில் இதற்குப் பெயர் "கெமிக்கல் கிளவுஸ்".

அடுத்து மாஸ்க். இரண்டு பக்கமும் உருண்டையாக கார்ட்ரிட்ஜ் வைத்த பாதி முகமூடி. கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்தால் கனமே இல்லை. ஹேக்சா பிளேடால் அறுத்துத் திறந்தோம். மஞ்சள் ஸ்பாஞ்ச் ஒரு வில்லை, அதற்கு அடியில் கம்பளித் துணி மாதிரி ஒரு துண்டு. அவ்வளவுதான். மருந்தோடு கலந்த கரைப்பானின் ஆவியைப் பிடிக்க வேண்டிய கரித்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை. மீதியிருந்ததையும் அறுத்தோம். எல்லாமே அப்படித்தான்.

விற்றவரைக் கூப்பிட்டேன். முதலில் "உங்க ஆளு சரியா மாட்டியிருக்க மாட்டார்" என்றார். உள்ளே ஸ்பாஞ்ச்தான் இருக்கிறது, போட்டோ அனுப்புகிறேன் என்றதும் குரல் மாறியது. "மேடம், இதெல்லாம் கேட்ல காட்டத்தானே வாங்குறீங்க? எல்லாரும் அதுக்குத்தான் வாங்குறாங்க. உங்களுக்கு ஒரிஜினல் வேணும்னா அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

இதைப் படிக்கும் உங்களுக்கு எப்படியோ, எனக்கு ஏமாந்த பணத்தைவிட இந்தப் பேச்சுதான் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மனுஷன் கிடக்கிறார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக் காட்டில் மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அவர்களில் பலருக்கு ஒழுங்கான கையுறையோ மாஸ்க்கோ கிடையாது. பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தால் ஆள் கொஞ்சமாவது தள்ளி நிற்பான். பொய்யான பாதுகாப்பை மாட்டிவிட்டால் நம்பிக்கையோடு புகைக்குள்ளேயே போவான். இப்படி விற்பது அதைவிடக் கொடுமை.

பிறகு மொத்தப் பொருளையும் தரையில் பரப்பிச் சோதித்தோம்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. தொழிலக ஹெல்மெட்டுக்கான தர எண் ஐ.எஸ். 2925. அது முத்திரைக்கு மேலே இருக்க வேண்டும், இருந்தது. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்கு, எந்தத் தேதி வரை உரிமம் என்று காட்டும். எங்கள் ஹெல்மெட்டின் எண் வேறொரு மாநிலத்தில் குடிநீர் பாட்டில் அடைக்கும் நிறுவனத்துக்குக் கொடுத்தது. எங்கேயோ கண்ணில் பட்ட எண்ணை எடுத்து அச்சு குத்தியிருக்கிறார்கள்.

தென்னை ஏறும் ஆட்களுக்குக் கொடுத்த முழு உடல் பெல்ட்டில் தயாரித்த மாதமும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. அதற்கான தரம் ஐ.எஸ். 3521. அந்த எண் ஒரு துணி லேபிளில் இருந்தது, ஈரக் கையால் தேய்த்தால் மை அழிந்தது. பெல்ட்டில் ஒரு மணல் மூட்டையைக் கட்டி, கயிற்றின் மறு முனையை முதல் மாடிக் கம்பியில் மாட்டித் தள்ளிவிட்டுப் பார்த்தோம். தொடைப் பட்டியின் தையல் ஒரே இழுப்பில் பிரிந்தது. மூட்டை கீழே விழுந்து வெடித்தபோது பக்கத்தில் நின்ற மரம் ஏறும் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தின வாரம்தான் அந்த பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறியிருந்தான்.

பயிற்சி என்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வந்தார், பேனர் கட்டினார். கட்டட வேலைக்கான கிரேன் வீடியோக்களை இந்தியில் ஓட்டினார். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் சத்தியமங்கலம் பக்கத்துப் பெண்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. எங்களிடம் கிரேனும் இல்லை. மருந்து கலப்பது, மெஷினை அணைக்காமல் பிளேடில் சிக்கிய புல்லை எடுக்கக் கூடாது என்பது, கம்பூட்டுக்குள் பேன்ட்டைச் செருகாமல் வெளியே விட வேண்டும் என்பது (செருகினால் வழிகிற மருந்து நேராகக் காலுக்குள் இறங்கும்) எதுவுமே வரவில்லை. குரூப் போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்துப் போய்விட்டார். அதிலுள்ள கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்தால் அதே சான்றிதழின் படம் திறக்கிறது. யார் கொடுத்தது, எந்த அமைப்பின் அங்கீகாரம் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

ஐ.எஸ்.ஓ. 45001 சான்றிதழ் அதைவிட மோசம். தொழிலிடப் பாதுகாப்புக்காக 2018-ல் வந்த தரம் அது. ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் நேராகச் சான்றிதழ் தருவதில்லை. தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள் ஆட்களை அனுப்பி, வேலை நடக்கும் இடத்தைத் தணிக்கை செய்துதான் கொடுக்கும். அந்த நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருவது இந்தியாவில் என்.ஏ.பி.சி.பி. எங்கள் தோட்டங்களில் ஒன்றைக்கூட யாரும் வந்து பார்க்கவில்லை, சான்றிதழ் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. உண்மையான சான்றிதழ் என்றால் பொதுவாக ஐ.ஏ.எஃப். சர்ட்சர்ச் என்ற இணையத் தேடலில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் வரும். எங்கள் பெயர் அங்கே இல்லை. இதைத்தான் வளாகத்தின் பாதுகாப்புத் துறை வாங்கிப் பார்த்து, ஃபைலில் வைத்து, பாஸ் கொடுத்தது. அவர்களுக்கும் இப்போது எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். மாஸ்க் கார்ட்ரிட்ஜ் காற்றுப் புகாத உறையில், காலாவதித் தேதியோடு வர வேண்டும். ஐரோப்பியக் குறியீட்டில் கரைப்பான் ஆவிக்கு ஏ (A) வகை, பழுப்புப் பட்டை. மருந்துத் திவலைக்கு அதோடு பி2 (P2) அல்லது பி3 (P3) சேர்ந்திருக்க வேண்டும், அதற்கு வெள்ளைப் பட்டை. வெறும் என்95 தூசியையும் திவலையையும் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கடையில் வைத்தே ஒரு சோதனை செய்யலாம். பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் வாழைப்பழ எசென்ஸைப் பஞ்சில் தொட்டு, மாஸ்க் போட்டவரின் முகத்தைச் சுற்றிக் காட்டுங்கள். வாசனை உள்ளே வந்தால் ஒன்று மாஸ்க் முகத்தில் ஒட்டவில்லை, இல்லையென்றால் உள்ளே கரி இல்லை. இந்தச் சோதனையில் தேறிவிட்டாலே மாஸ்க் தரமானது என்று ஆகிவிடாது. ஆனால் எங்களுக்கு நடந்த மோசடியை அந்த இடத்திலேயே பிடித்திருக்கும். கையுறை முழங்கைப் பக்கம் வரை நீளமான, உள்ளே துணி இல்லாத நைட்ரைல் கையுறையாக இருக்க வேண்டும். தோல் கையுறை மருந்துக்கு ஆகவே ஆகாது.

பில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்களுக்குக் கொடுத்த பில்லில் "சேஃப்டி ஐட்டம்ஸ் – 1 செட்" என்று ஒரே வரி. பிராண்ட் இல்லை, மாடல் இல்லை, ஐ.எஸ். எண் இல்லை. கேட்டதற்கு "சாஃப்ட்வேர்ல அப்படித்தான் வரும்" என்றார்கள். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, "இந்த மாஸ்க் நாங்கள் விற்றதே இல்லை" என்று இப்போது பதில் அனுப்பியிருக்கிறார்கள். டெலிவரி அன்று எங்கள் பையன் எடுத்த போட்டோக்களும் வாட்ஸ்அப் பேச்சும்தான் கைகொடுக்கின்றன.

போலி முத்திரைக்கு பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே புகார் பதியலாம், பதிந்துவிட்டோம். பி.ஐ.எஸ்.ஸுக்குக் கோவையிலும் கிளை அலுவலகம் உண்டு, அங்கே நேரிலும் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசினோம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒற்றை ஆளாகத் தோட்ட வேலை செய்பவர்கள் அந்த வழியில் போகலாம். எங்களைப் போல ஆள் வைத்து நடத்துபவர்களிடம் எதிர்த்தரப்பு முதலில் இந்த வாதத்தைத்தான் எடுக்கும். அதனால் எங்கள் வக்கீல் மோசடிப் புகாராகக் காவல் நிலையத்தில் கொடுத்து, பணத்துக்குத் தனியாக நோட்டீஸ் அனுப்பச் சொன்னார். இரண்டும் செய்தாயிற்று, விசாரணை நடக்கிறது.

வழக்கு முடியாததால் விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கமும் இதே பேக்கேஜ், இதே ஒற்றை வரி பில் புழங்குவதாகத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். உங்களிடம் அந்த மாஸ்க்கோ பெல்ட்டோ இருந்தால் இன்றே ஆட்களிடமிருந்து திரும்ப வாங்கிவிடுங்கள், குப்பையில் மட்டும் போடாதீர்கள். லேபிளையும் முத்திரையையும் கிட்டத்தில் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து மூட்டை கட்டி வையுங்கள். புகாரில் சேர விருப்பமிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். எங்கள் மனுவோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்க வக்கீல் தயாராக இருக்கிறார்.